பெண்கள் பக்கத்துப் படங்கள்

ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாக, என் கொம்பியூட்டருக்குச் சுகமில்லை. பட்டனை அழுத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் வைத்து, ஆற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவிவிட்டு வந்தால்தான் முகப்பு தெரியும். ஒரு படத்தைத் திறந்தால் அது மேலேயிருந்து கீழே வந்து சேர்வதற்குள் ஒரு யாஸீன் ஓதி முடிக்கலாம். நானோ பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்று பெயரெடுத்தவள். எட்டாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்தவள் இவள் என்று உம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பா.

வேறு யாராவது என்றால் தூக்கிக்கொண்டு போய் பாலாவியில் ஒரு கடையில் போட்டிருப்பார்கள். எனக்கு அது முடியாது. நான் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் பிடிக்கிறவள். கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை அக்கீலா என்றால் தெரியும். ஆண்கள் பக்கத்தில் நாலு கமராக்காரர்கள் ஓடித் திரிவார்கள்; பெண்கள் பக்கத்துக் கதவுக்கு உள்ளே நான் மட்டும்தான். மருதோண்டி போடுவது, பொண்ணுக்குத் தலைவாருவது, குமருகள் கைகோத்து ஆடுவது, ஹபாயாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எல்லாரும் மூச்சு விடுகிற அந்த இரண்டு மணித்தியாலம், அதுதான் என் தொழில்.

கமராவைத் தூக்குவதற்கு முன்னால் பொண்ணின் தாயிடம் ஒரு வார்த்தை சொல்வேன். "இது அமானிதம். எந்த ஆம்புளட கண்ணும் படாது." அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதைச் சேதமில்லாமல் காக்காவிட்டால் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை நம்பித்தான் தாய்மார் கதவைத் திறக்கிறார்கள். அதனால் படத்தைத் திருத்துவதும் ஆல்பம் அச்சடிப்பதும் வீட்டிலேயே. அந்த அறைக்குள் என் கணவர் நௌஃபர்கூட கேட்டுக்கொண்டுதான் வருவார். பழைய கொம்பியூட்டர் செத்தபோது அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அம்மியில் வைத்துக் குழவியால் நொறுக்கிக் கடலில் போட்டவள் நான்.

ஆகவே நானே வைத்தியம் பார்த்தேன். பழைய பல்தூரிகையால் விசிறியில் ஒட்டியிருந்த தூசைச் சுரண்டினேன். தங்கச்சியின் பிள்ளைகள் ஏற்றிய விளையாட்டுகளை எல்லாம் அழித்தேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடவிட்டேன், இல்லை என்றது. ஒன்றுக்கும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பகல் மவுஸே அசைய மறுத்ததும் றிஃப்னாவுக்குப் போன் எடுத்தேன். றிஃப்னா எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள், அக்கா முறையில் என்னை ராத்தா என்பாள்; புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறாள். விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள்.

"கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். மூணையும் சேத்து அமத்துங்க," என்றாள். "ஒரு லிஸ்ட் வரும்."

அமத்தினேன். லிஸ்ட் வந்தது, அதன் வேகத்தில்.

"டிஸ்க் எவ்வளவு எண்டு போட்டிருக்கு?"

"நூறு."

"எல்லாத்துக்கும் மேல என்ன பேர் இருக்கு?"

எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"ராத்தா, அது பேக்கப் ப்ரோக்ராம். கொம்பியூட்டர்ல இருக்கிற படத்த எல்லாம் இன்டர்நெட்டுக்கு ஏத்துற சாமான். நீங்களா போட்டீங்க?"

"நானா? ஒரு படத்த வாட்ஸ்அப்லயே அனுப்பாதவள் நான்."

"அப்ப யாரு போட்ட? கீழ மூலையில ஒரு சின்னப் படம் இருக்கும், அத அமத்துங்க. யார்ட பேருல ஏறுது எண்டு காட்டும்."

அமத்தினேன். ஒரு வட்டம் திறந்தது. வட்டத்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டு, யாருடையதோ ஒரு காரில் சாய்ந்துகொண்டு, அஸ்ஜத் சிரித்தான்.

அஸ்ஜத், நௌஃபருடைய மூத்த சகோதரி சபூரா தாத்தாவின் மகன்; எங்கள் ஊரில் அக்காவைத்தான் தாத்தா என்போம். ஆறு கிழமைக்கு முன்னால் கட்டாருக்கு சாரதி வேலைக்குப் போகப் படிவம் நிரப்ப வந்தான். வீட்டில் கொம்பியூட்டர் இருந்தால் சொந்தக்காரருக்கு அது பொதுக் கிணறு மாதிரித்தான். யாரையும் வராதே என்று சொல்ல ஏலாது. அன்றைக்குப் படம் இருந்த போல்டரை எல்லாம் மூடி, மெமரி கார்டுகளை அலுமாரியில் வைத்துப் பூட்டி, அவன் முதுகுக்குப் பின்னால் சோதனை மண்டபத்து டீச்சர் மாதிரி நின்றேன். அவன் தன் ஈமெயிலைத் திறந்தான். படிவத்தை இறக்க ஏதோ ஒரு ப்ரோக்ராமைப் போட வேண்டும் என்றான். பிறகு, "மாமி, இது என்னவோ கேட்டுட்டே இருக்கு," என்றான்.

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு குடுத்துட்டுக் கெதியா முடி," என்று சொன்னது நான்தான். அவனை அந்த அறையிலிருந்து கிளப்பினால் போதும் என்று இருந்தது எனக்கு.

கண்ணைத்தான் நான் காவல் காத்தேன். வயரை யோசிக்கவில்லை.

"எத்தின படம் ஏறியிருக்கு?" றிஃப்னாவின் குரல் இறங்கிவிட்டது.

"பதினோராயிரத்துச் சொச்சம்."

"யா அல்லாஹ்."

கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வருடக் கலியாணங்கள். முப்பத்தொரு வீடு. முப்பத்தொரு தாய்மாரிடம் சொன்ன அதே வார்த்தை.

"அவன்ட போனைத் திறந்தாலும் தெரியுமா?"

"ஓம் ராத்தா. போட்டோ பாக்கிற இடத்துல அப்பிடியே வரும்."

அஸ்ஜத் இப்போது கட்டாரில். ஓர் அறையில் எட்டுப் பேர் என்று சபூரா தாத்தா சொல்லியிருக்கிறா. எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், ஒருவன் போனை ஒருவன் எட்டிப்பார்க்கிற தூரம். எனக்கு அந்த அறை அப்படியே கண்ணுக்குள் வந்தது. ரவுட்டர் வயரைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

"புடுங்காதீங்க!" றிஃப்னா கத்தினாள். "போனது போனதுதான், வயரப் புடுங்கினா திரும்பி வராது. முதல்ல அந்தப் ப்ரோக்ராம நிப்பாட்டுங்க. இங்க உள்ள படத்துல கை வைக்காதீங்க."

நிப்பாட்டினேன். அந்த நொடியே கொம்பியூட்டருக்கு உயிர் வந்தது. மவுஸ் பறந்தது. தொட்டதெல்லாம் திறந்தது. ஆறு கிழமையாக நான் துஆ கேட்ட வேகம். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

"அவனுக்குப் போன் எடுத்து அழிக்கச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? பாக்காதவனும் அதுக்குப் பிறகு பாப்பான். அழிக்கிறதுக்கே பாக்கணுமே. அவன்ட கணக்கு உங்கட கொம்பியூட்டர்ல இன்னும் திறந்துதானே கிடக்கு. இங்கயிருந்தே அழிப்போம். மணி என்ன?"

ஒன்றேகால். கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே பன்னிரண்டு மணிக்கு அவனுக்குச் சாப்பாட்டு நேரம். "சோத்துப் பார்சலப் பிரிக்க முந்தி உம்மாக்குக் கோல் எடுக்கிற பிள்ள," என்று சபூரா தாத்தா ஊரெல்லாம் பெருமையடிப்பது அதைத்தான். நமக்கு இரண்டரை. இரண்டரைக்கு அந்தப் போன் அவன் கைக்கு வரும்.

அவனுடைய கணக்கைத் திறந்தேன். முதல் வரிசையிலேயே முஃபீதா இருந்தாள். போன மாதம் கலியாணம் முடித்த பிள்ளை, நுரைச்சோலையில் இருக்கிறாள். இடுப்புவரை விரிந்த முடி, மருதோண்டிக் கையைக் காயவிட இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கச்சிமாருக்கு நடுவில் வாய்விட்டுச் சிரிக்கிறாள். படமே வேண்டாம் என்றவள் அவள். "வயசு போனப்புறம் பாக்க ஒண்டு வேணாமா, புள்ள? நான் இருக்கன்தானே," என்று கட்டாயப்படுத்திக் கதிரையில் இருத்தியது நான். என் வாய்க்கு ஒரு பூட்டு இருந்திருக்கக் கூடாதா.

ஒரேயடியாக அழிக்க அது விடவில்லை. ஐந்நூறு ஐந்நூறாகத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஐந்நூறுக்கும் வட்டம் சுற்றியது. இப்போது கொம்பியூட்டர் வேகம், இன்டர்நெட் ஆமை. றிஃப்னா மறுபக்கத்தில் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஓதவும் நாக்கு எழவில்லை. தலைவாரிய பொண்ணுகள், பாலூட்டிக்கொண்டிருந்த ஒரு மச்சாள், முதுகுப் பொத்தான் போட்டுவிடச் சொல்லித் திரும்பி நின்ற ஒரு பிள்ளை. எல்லாரும் கட்டம் கட்டமாக வந்து, நீலமாகி, மறைந்தார்கள். இரண்டு மணி. இரண்டு பத்து. குப்பைத் தொட்டியிலும் கிடக்கும், அதையும் கொட்ட வேண்டும் என்றாள் றிஃப்னா. கொட்டினேன். இரண்டு இருபத்திரண்டுக்கு அஸ்ஜத்துடைய கணக்கில் மிஞ்சியது காரோடு நிற்கிற அவன் படங்கள் மட்டும்தான். அவனை வெளியேற்றினேன். அந்தப் ப்ரோக்ராமையும் பிடுங்கி எறிந்தேன்.

"அவன் பாத்தானா இல்லையா எண்டு இதுல எங்கயும் எழுதியிருக்காதா?"

"இல்ல ராத்தா. அது அல்லாஹ்வுக்கும் அவனுக்கும்தான் தெரியும்."

இரண்டு முப்பத்துநாலுக்கு வாட்ஸ்அப்பில் என் போன் சிணுங்கியது. அஸ்ஜத்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. சுகமா?"

அவன் எனக்கு ஸலாம் அனுப்புவது வெள்ளிக்கிழமையில், ஊருக்கே அனுப்புகிற பூப்போட்ட படத்தோடு. இன்று செவ்வாய். "வ அலைக்கும் ஸலாம், சுகம்," என்று எழுதினேன். அவன் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே. பிறகு ஒன்றும் வரவில்லை. வெறும் ஸலாம்தானா? படங்கள் காணாமல் போனதைக் கண்டானா? காணாமல் போனதைக் கண்டான் என்றால் இருந்ததையும் கண்டவன்தானே?

லுஹரைத் தொழுதேன். எத்தனை ரக்அத் என்று தெரியாமல் திரும்பத் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலும் முஃபீதாவின் முடிதான் வந்தது. றிஃப்னாவுக்கு மறுபடி போன் எடுத்து, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"வாய மூடிட்டு இருங்க, ராத்தா. அழிச்சாச்சு. சொல்லி ஊர் ரெண்டாகுறதுக்கா?"

"அமானிதம் எண்டு சொல்லி வாங்கினது, றிஃப்னா. அவங்கட பொருளுக்கு ஒண்டு நடந்தா அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

நல்ல கதைதான். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. இந்தப் பயத்தோடு தனியாக ஓர் இரவு படுக்க என்னால் ஏலாது. நௌஃபர் பாலாவி உப்பளத்திலிருந்து வரப் பொழுது பட்டு மஃரிப் ஆகும். அவரிடம் சொன்னால் தாத்தாவின் மகன் என்று அது குடும்பச் சண்டையாகிவிடும். ஹபாயாவை மாட்டிக்கொண்டு குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் நுரைச்சோலை பஸ் ஏறினேன்.

முஃபீதா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. வீட்டில் வேறு யாருமில்லை. தலையில் போட்டிருந்த சால்வையைக் கழுத்தில் தள்ளிவிட்டுத் திரும்பவும் பலகையில் இருந்தாள். நான் ஆல்பம் கொண்டுவந்தேன் என்று நினைத்திருப்பாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஓம் என்று குடுக்கச் சொன்னது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அவள் உரிப்பதை நிறுத்தினாள்.

"அவர் பாத்தாரா?"

"தெரியா, புள்ள."

"அந்த ரூம்ல உள்ளவங்க?"

"தெரியா."

"இப்ப எல்லாம் அழிஞ்சிட்டா?"

"ஓம். என்ட கண்ணால பாத்தன்."

கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் ராத்தா எனக்கிட்ட வந்து சொன்னீங்க?"

பஸ்ஸிலேயே பதிலைக் கட்டி வைத்திருந்தேன். பொருளின் சொந்தக்காரி நீ, உனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். வாயிலிருந்து வந்தபோது அது புளித்துப்போயிருந்தது.

"காலைல எனக்கு ஒண்டும் தெரியா. நிம்மதியா இருந்தன்," என்றாள் முஃபீதா. குரலை உயர்த்தவே இல்லை. "இனி ரோட்டுல ஒருத்தர் என்னப் பாத்தாலும் இவர் அதப் பாத்தவரா எண்டுதான் மனசு ஓடும். உங்களுக்கு இப்ப நெஞ்சு லேசாகிட்டு. இல்லையா?"

லேசாகித்தான் இருந்தது. அவள் சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவளுடைய மாப்பிள்ளை ஒரு கையில் பேக்கரிப் பாணும் மறு கையில் ஹெல்மட்டுமாக உள்ளே வந்தார். "அட, ராத்தாவா! படம் ரெடியா? உம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் கேக்குறா."

நான் வாயைத் திறப்பதற்குள் முஃபீதா முந்திக்கொண்டாள். "இன்னும் இல்லயாம். சும்மா இந்தப் பக்கம் வந்தாங்களாம்."

சொல்லிக்கொண்டே கழுத்தில் கிடந்த சால்வையை இழுத்துத் தலையில் போட்டாள். நெற்றிவரை இறக்கி, வெளியே தெரிந்த முடியை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். சொந்த வீட்டில், சொந்தக் குசினியில், கட்டிய மாப்பிள்ளைக்கு முன்னால். அவர் அதைக் கவனிக்கவில்லை. பாணை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எதையோ பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். முஃபீதா அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.