சொல்லிக்கொள்ளாமல் போனவளின் தட்டு

ரேவினை விக்காவிடம் ஒப்படைத்தது நான்தான்.

ஒப்படைத்தது என்றதும் தலைகீழாக நினைத்துக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா. ரேவினுக்கு அப்போது பத்தொன்பது வயது, நியூசிலாந்திலிருந்து வந்த கல்லூரிப் பெண். விக்காவுக்கு ஏழு. லெவுக்கா என்கிற எங்கள் தீவுத் துறைமுக ஊரில், மலைச் சரிவில் இருந்த எங்கள் பிள்ளைகள் இல்லத்தில் அதுதான் வழக்கம். வெளிநாட்டு மாணவர்கள் ஊழியத்துக்கு வந்தால் விருந்தாளிக்கு ஒரு பிள்ளை பொறுப்பு. தட்டு வைப்பது, கை கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, கொசுவலையைச் சொருகிவிடுவது எல்லாம் அந்தப் பிள்ளையின் பாடு. சேவை செய்ய வந்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். வந்த நாள் முதல் சேவை நடப்பது அவர்களுக்குத்தான். அது அவர்களுக்குத் தெரியாது, நாங்களும் சொல்வதில்லை.

வருடத்துக்கு இரண்டு தடவை வருவார்கள். அவர்கள் கல்லூரியின் மே விடுமுறையில் ஒரு கூட்டம், ஆகஸ்டில் ஒரு கூட்டம். எந்தக் கூட்டம் வந்தாலும் சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்குத்தான் வெள்ளை அடிப்பார்கள். "இன்னும் நாலு வருஷம் இவங்க வந்தாங்கன்னா கூடத்துல நமக்கு இடம் இருக்காது, சுவர்தான் இருக்கும்" என்பார் செமிசி அண்ணன். இல்லத்தின் தச்சரும் தோட்டக்காரரும் அவர்தான். விருந்தாளி வரும்போது எங்கள் எல்லாருக்காகவும் பேசுகிறவரும் அவர்தான். நான் சமையலும் பிள்ளைகளும். எல்லாருக்கும் லைசா அத்தை.

புதுச் சுண்ணாம்பு வாசனையும், துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் கொப்பரை வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், மே மாதம் என்றால் இன்றைக்கும் எனக்கு அதுதான்.

விக்கா கோரோத் தீவுப் பிள்ளை. அம்மா இறந்துவிட்டாள். அப்பா கப்பலில் வேலைக்குப் போனவர், எந்தத் துறையில் இறங்கினாரோ, சேதி இல்லை. இல்லத்துக்கு வந்து இரண்டு வருடத்தில் அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. உறவினர் வந்து பார்க்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவாள். யாருக்காக என்று யாரும் கேட்கமாட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் அத்தை மாமாக்களுக்கு வழி காட்டிவிட்டு உள்ளே வருவாள்.

அப்படிப்பட்டவளுக்கு முதல்முறையாகச் சொந்தமாய் ஒரு விருந்தாளி. பெருமை தாங்கவில்லை. ரேவின் நெட்டையாய், வெயிலில் சிவந்து தோல் உரிந்துகொண்டிருப்பாள். கையால் சாப்பிடத் தெரியாது. தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையைக் கிழங்கோடு சேர்த்து எடுத்தால் பாதி மடியில் விழும்.

விக்கா என்னைப் பார்த்து, "அத்தை, இவங்ககிட்ட கேளுங்க, இவங்க ஊர்ல வாய் காதுப் பக்கமா இருக்கும்?" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். ரேவின் ஒரு கவளத்தை எடுத்துக் காதுக்குக் கொண்டுபோனாள். அன்றைக்குக் கூடமே சிரித்து உருண்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ரேவினுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பாள் விக்கா. ரேவின் அவளுக்குப் பின்னல் போடப் பார்ப்பாள். எங்கள் தலைமுடியில் பின்னல் எங்கே நிற்கும்? அவிழ்ந்து அவிழ்ந்து வரும். மறுபடி உட்கார்ந்து போடுவாள்.

எங்கள் நாட்டில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை ஒரு கட்டாக முன்னால் வைத்து, வந்திருக்கிறேன் என்று சொல்லவேண்டும். போகும்போது இன்னொரு வேரை வைத்து விடை கேட்கவேண்டும். வீட்டுக்காரர் வேரைத் தொட்டு, குவித்த கையைத் தட்டி, போய் வா என்ற பிறகுதான் அவர் போனதாகக் கணக்கு. அதுவரை அவர் கடல் தாண்டியே இருந்தாலும் இந்த வீட்டு விருந்தாளிதான்.

அந்த மே மாதக் கூட்டத்துக்குத் தலைவர் பர்டி என்கிற இளம் வாத்தியார். நல்ல மனுஷன். பிள்ளைகள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் அவர் கண்ணில் தண்ணீர் வரும். சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. வியாழன் மதியம் வானொலியில், இன்றைய படகோடு சரி, கடல் மோசமாகப் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். நான் பல்வலிக்காரப் பையன் ஒருவனோடு ஆஸ்பத்திரியில். செமிசி அண்ணன் கிழங்கு பிடுங்க மலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பர்டி யோசித்துப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் வரும்வரை காத்திருந்தால் அழுவார்கள், மாணவர்களும் அழுவார்கள். எதற்கு இந்தப் பிஞ்சுகளுக்கு இன்னொரு அழுகை? ஒவ்வொரு படுக்கை மேலும் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் வைக்கச் சொல்லி, மாணவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ரேவின் லாரியில் ஏற மாட்டேன் என்று நின்றதாகத் துணி துவைக்கிற அக்கா பிறகு சொன்னாள்.

சாயங்காலம் வந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு மிட்டாயைப் பிரித்தார்கள். இருட்டுவதற்குள் பந்து விளையாடப் போய்விட்டார்கள்.

விக்கா அழவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்து வந்தாள்.

"ரேவின் போயிட்டாங்கம்மா" என்றேன்.

"இல்லையே அத்தை. வேர் வைக்கலையே."

"அவசரத்துல கிளம்பிட்டாங்க."

"சரி, அப்ப இன்னும் போகலை. வெளியில போயிருக்காங்க."

இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். மறக்கவில்லை. காலையில் எலுமிச்சை இலைத் தேநீர் ஒரு குவளை ரேவினுக்கு. மதியம் கிழங்கு. இரவு தட்டு. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அந்தச் சாப்பாட்டை நாய்க்கு வைக்கமாட்டாள், வீணாக்கமாட்டாள், தானே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவாள். "விக்காவோட விருந்தாளி நல்லாத்தான் சாப்பிடறாங்க, விக்கா கன்னத்தப் பாரு" என்று பெரிய பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

ஜூலையில் அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோரோவிலிருந்து கொப்பரைப் படகில் ஒரு பெண்பிள்ளை வந்து இறங்கினாள். பருத்த உடம்பு, கக்கத்தில் சுருட்டிய பாய், கையில் கால் கட்டிய ஒரு கோழி. விக்காவின் பெரியம்மா சனைலா. தங்கை பிள்ளை இங்கே இருப்பதே போன மாதம்தான் தெரியுமாம். பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள்.

செமிசி அண்ணன் ஊருக்கும் கோரோவுக்கும் கேலி முறை. சும்மா இருப்பாரா? "கோழி எதுக்கு? வழியில பேச்சுத் துணைக்கா?" என்றார்.

"உங்க ஊர் ஆம்பளைங்க கூவ மாட்டாங்க, அடையும் கிடக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. அதான் இத கொண்டுவந்தேன்" என்றாள் சனைலா. எனக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போயிற்று.

விக்கா பெரியம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் கையை முகர்ந்து பார்த்தாள். அம்மாவின் கை மாதிரியே இருந்ததோ என்னவோ, வெகுநேரம் விடவில்லை. இரண்டு வருடம் படியில் உட்கார்ந்ததற்குப் பலன் வந்துவிட்டதென்று நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பி வந்தால், அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்:

"எனக்கு வரணும் பெரியம்மா. ஆனா எங்கிட்ட ஒரு விருந்தாளி இருக்காங்க. அவங்க விடை கேக்காம நான் எப்படிக் கிளம்பறது?"

நான் விஷயத்தைச் சொன்னேன். சனைலா சிரிப்பாள், இல்லை கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஞாயம்தானே. வீட்டுல விருந்தாளிய வச்சுக்கிட்டு எவ ஊருக்குப் போவா?" என்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "லைசா, படகு ஆகஸ்ட் கடைசியில மறுபடி வரும். அதுக்குள்ள எப்படியாவது முடி. என் வீட்டுக்காரர் இப்ப சரின்னு சொல்லியிருக்கார். அவர் மனசு மழைக்கால வானம். ரெண்டாம் தடவையும் வெறுங்கையோட போய் நின்னா, வேண்டாம் விடுன்னுருவார்."

படகு போயிற்று. கோழி எங்களோடு தங்கிற்று.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. செமிசி அண்ணன் ஒரு வேரை எடுத்துக்கொண்டு விக்காவின் முன்னால் உட்கார்ந்தார். "ரேவின் சார்பா நான் கேக்கறேன், அம்மணி. பெரிய மனசு பண்ணி விடை குடுங்க."

"மாமா, நீங்க நம்ம பக்கம். நமக்கு நாமே எப்படி விடை கேக்கறது? அவங்க பக்கத்து ஆள் கேக்கணும்."

அண்ணன் வேரைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "சட்டம் சரியாத்தான் பேசுது. நான் சொல்லிக்குடுத்த சட்டம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

எனக்குள் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். அவள் இருக்கிறாளே என்று ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரவில் கொசுவலையைச் சொருகும்போது, "அத்தை, பெரியம்மா வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா? கடல் கிட்டவா?" என்று கேட்பாள். அப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு, சொருகிய வலையையே மறுபடி சொருகுவேன்.

ஆகஸ்டில் அடுத்த கூட்டம் வந்தது. ஆறு புது முகங்கள். தலைவர் அதே பர்டி. கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். பர்டி வந்ததற்கான வேர்க்கட்டை வைத்து, மனப்பாடம் செய்திருந்த வார்த்தைகளைச் சொன்னார். செமிசி அண்ணன் தொடக் கையை நீட்டினார்.

"மாமா, தொடாதீங்க" என்று விக்காவின் குரல்.

பின்வரிசையிலிருந்து எழுந்து குனிந்தபடி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைகள் அந்த இடத்தில் உட்காருவதே இல்லை. யாரோ "ஏய்" என்றார்கள். அண்ணன் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார்.

"முதல்ல வந்தவங்க இன்னும் போகலையே. அவங்கள அனுப்பிட்டு இவங்கள உள்ள விடலாம்."

நான் பர்டிக்கு எடுத்துச் சொன்னேன். தட்டையும், தேநீரையும், பெரியம்மாவையும், மறுவாரம் வரப்போகிற படகையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்குக் கழுத்திலிருந்து சிவப்பு ஏறிற்று.

"மூணு மாசமா தட்டு வைக்கிறாளா?" என்று மெல்லக் கேட்டார். "அழ வைக்க வேணாம்னுதான் சொல்லாம போனோம். ரேவின் இப்ப ஆஸ்பத்திரியில நர்ஸ் படிப்புல இருக்கா. நான் அவளுக்காகக் கேட்டா செல்லுமா?"

நான் விக்காவைக் கேட்டேன். "அவங்கள கூட்டிட்டு வந்தவர் அவர்தானே? செல்லும்" என்றாள்.

வேர் ஒரு கட்டுதான் இருந்தது. செமிசி அண்ணன் கத்தியை வாங்கிக் கட்டை அறுத்து இரண்டாகப் பிரித்தார். "இது வந்தது. இது போனது. கலந்துடாதீங்க, அப்புறம் பாதி ஆள் வந்தும் பாதி ஆள் போயும் நிப்பீங்க." மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

பர்டி நீளமான கால்களை மடக்கி முன்னால் நகர்ந்து, பாதி வேரை விக்காவின் முன் வைத்தார். விடை கேட்கிற வார்த்தைகள் அவர் படித்திருக்கவில்லை. தன் மொழியிலேயே சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். "விக்கா, ரேவின் உன் வீட்டுல சாப்பிட்டா, தூங்கினா. போகும்போது உன்கிட்ட சொல்லல. சொல்லவிடாம கூட்டிட்டுப் போனது நான். அவ போறதுக்கு உன்கிட்ட விடை கேக்கறேன்."

விக்கா வேரை இரண்டு கையாலும் தொட்டாள். சின்னக் கைகளைக் குவித்து மூன்று தடவை தட்டினாள். ஆழமான சத்தம் வரவில்லை, பட் பட் என்றுதான் வந்தது.

"வேரை வாங்கிக்கிட்டோம். உங்க கப்பல் பத்திரமா போகட்டும். உங்க வீட்டுல எல்லாரும் சுகமா இருக்கட்டும். போயிட்டு வாங்க." கொஞ்சம் யோசித்தாள். "மீன் சாப்பிடும்போது முள்ளு பாத்துச் சாப்பிடச் சொல்லுங்க. அவங்களுக்கு எடுக்கத் தெரியாது."

நான் அதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டேன். பர்டிக்குப் புரிந்திருக்க வழியில்லை, ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் விக்கா அழுதாள். மே மாதத்திலிருந்து சேர்த்து வைத்த அழுகை. யாரும் தடுக்கவில்லை.

அன்றிரவு அவள் ஒரு தட்டுதான் எடுத்தாள். புது விருந்தாளிகளைப் பங்கு போடும்போது, "எனக்கு வேணாம் அத்தை, நான் ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

மறுவாரம் படகு வந்தது. சனைலா இந்தத் தடவை கோழி கொண்டுவரவில்லை, ஒரு பெரிய யங்கோனா வேரை முழுசாக, மண்ணோடு கொண்டுவந்திருந்தாள். விக்காவுக்குத் துணி மூட்டை ஒன்றுதான். நான் செமிசி அண்ணனைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். விடை கொடுக்கிறவர் அவர்தானே. அவர் வந்தார், கதவுப் பக்கமே உட்கார்ந்துகொண்டார்.

விக்கா அந்த வேரைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்து, அண்ணன் முன்னால் வைக்காமல் என் முன்னால் வைத்தாள்.

"அத்தை, உங்க வீட்டுல சாப்பிட்டேன், தூங்கினேன். இப்ப எங்க வீட்டுக்குப் போறேன். உங்ககிட்ட விடை கேக்கறேன்."

எத்தனையோ பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு அந்த வார்த்தைகள் எல்லாம் தெரியும், ஆயிரம் தடவை கேட்டவை. ஆனாலும் நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

கீழே துறையில் படகு சங்கு ஊதிற்று.

"அத்தை, சொல்லுங்க" என்றாள் விக்கா. "நீங்க சொன்னாத்தான் நான் போக முடியும்."

நான் வேரைத் தொட்டேன். கையைத் தட்டினேன். போய் வா என்று சொன்னேன்.