வயிற்றெரிச்சலில் ஓடிய லாரி

உப்பிலியபுரம் சின்னையாவின் பட்டாளத்து லாரி 1953ஆம் வருஷம் ஆவணி மாதத்திலிருந்து அவன் பெண்சாதி வள்ளிக்கண்ணுவின் வயிற்றெரிச்சலில் ஓடியது. பெட்ரோல் கிடையாது, டீசல் கிடையாது, கரியும் கிடையாது. காலியாகப் போனால் பச்சைமலை ஏற்றத்தை ஒரு மணி நேரத்தில் ஏறியது. முப்பது மூட்டை மரவள்ளிக் கிழங்கோடு ஒன்றேகால் மணியில் இறங்கியது. எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வண்டிப் பதிவு ஆபீசில் மூன்று நாள் யோசித்துவிட்டு, கடைசியில் ‘இதர வகை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஆபீஸ்காரர்கள் யோசித்துச் செய்த காரியங்களில் இது ஒன்றுதான் உருப்படியானது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கிய லாரி அது. நாலு சக்கரமும் இழுக்கும் என்பதால் அதற்கு ரோடு தேவையில்லை. பச்சைமலைக்கு அப்போது ரோடும் இல்லை, கல்லும் ஓடையுமாக ஒரு தடம்தான். சின்னையா மலையிலிருந்து கிழங்கு, புளி, பலாப்பழம் இறக்குவான். உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் ஏற்றுவான். மலைமேலேயே ஒரு தகரக் கொட்டகையில் பெண்சாதியோடும் பூரணி என்கிற மூன்று வயதுப் பெண்ணோடும் குடியிருந்தான். 1952 கார்த்திகையில் பூரணிக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. அந்த வாரம் பார்த்துத் துறையூரில் பெட்ரோல் இல்லை. தொட்டியில் கிடந்தது பாதி மலை வரைக்கும்தான் வந்தது. தாயையும் பிள்ளையையும் வண்டியில் உட்கார வைத்துவிட்டுச் சின்னையா கீழே ஓடினான். யார் யார் காலிலோ விழுந்து ஒரு கேன் பெட்ரோல் வாங்கிக்கொண்டு திரும்பி ஏறினான். அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளை அம்மா மடியிலேயே போய்விட்டிருந்தது. அவனுக்குக் கேனை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நெடுநேரம் கையில் பிடித்தபடியே நின்றான்.

இனிப் பெட்ரோலை நம்பி வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு திருச்சிக்கு வந்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த முகமது இஸ்மாயில், யுத்தக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் நின்ற பஸ்களுக்குக் கரி அடுப்பு மாட்டி ஓட வைத்த மனிதர். அவருடைய சிநேகிதர் ரெங்கநாதன், பொன்மலை ரயில்வே பட்டறையில் சார்ஜ்மேன், வீடு ஸ்ரீரங்கம். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார், பெருமாளைத் தவிர. இருவரும் சின்னையாவை உட்கார வைத்து மூன்று வழி சொன்னார்கள். டீசல் என்றால் இருக்கிற எஞ்சினையே கழற்றிவிட்டு வேறு வைக்க வேண்டும். அது கனம், முன்பக்க ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், கியர் பெட்டியோடு சேர்வதற்கு நடுவில் தனியாக ஒரு தகடு வார்க்க வேண்டும். ஆனால் வைத்துவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. மண்ணெண்ணெய் சுலபம். கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் திருப்பிவிடலாம். ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும், ஆயில் நீர்த்துப்போகும். கரி என்றால் கேபினுக்குப் பின்னால் ஆள் உயர உருளை ஒன்று. அதில் கரியை மூட்டினால் கிளம்புகிற வாயுவில் வண்டி ஓடும். கிளம்ப அரை மணி முன்பிருந்தே விசிறி சுற்ற வேண்டும், எஞ்சின் பலத்தில் பாதி போய்விடும், மலையில் மூச்சு வாங்கும். ரெங்கநாதன் டீசல் என்றார், இஸ்மாயில் மண்ணெண்ணெய் என்றார். சின்னையா மூன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டான்: நடுமலையில் தீர்ந்துபோனால்? முதல் இரண்டுக்கும் கீழே வந்துதான் ஆக வேண்டும். கரி மட்டும்தான் அங்கேயே மரம் வெட்டி எரித்துக்கொள்ளக்கூடியது. அப்படியானால் கரி என்றான். ரெங்கநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

உருளையை மாட்டி முடித்த அன்று திருச்சியில் நல்ல மழை. கரி நனைந்து கிடந்தது. ஆள் மாற்றி ஆள் விசிறி சுற்றியும் குழாயில் வாயு வரவில்லை. நெருப்புக் குச்சியை நீட்டினால் குச்சிதான் எரிந்து அணைந்தது. வள்ளிக்கண்ணுவும் கூட வந்திருந்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் வாயைத் திறந்து பேசியதில்லை, அழுததுமில்லை. உருளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தவள், அதையே பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

“இதை ஒரு வருசம் முன்னாடி மாட்டியிருந்தா எம்புள்ள இருந்திருக்கும்ல.”

குழாயின் வாயில் ஒரு சாண் உயரத்துக்கு நீலமாகச் சுடர் எழுந்து நின்றது. சின்னையா ஓடிப்போய்க் கைப்பிடியை முன்னால் மாட்டிச் சுற்றினான். அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இஸ்மாயில் உருளையின் மூடியைத் திறந்து பார்த்தார். கரி போட்டது போட்டபடி ஈரமாக இருந்தது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டித் துடைத்துவிட்டார். அப்போதும் எஞ்சின் ஓடியது. வள்ளிக்கண்ணு தண்ணீர் குடிக்க எழுந்து போனாள், நின்றுவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள், கிளம்பியது.

“கரி பத்தவே இல்ல சின்னையா,” என்றார் இஸ்மாயில். “தங்கச்சி வயித்தெரிச்சலக் கொட்டிருச்சு, வண்டி புடிச்சுக்கிச்சு.”

ரெங்கநாதன் குழாயைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எதிரிலேயே நின்றார். சாம்பல் இல்லை, தார் இல்லை, கரியைவிட நன்றாக எரிகிறது, ஏன் என்று மட்டும் தன்னிடம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பொன்மலைக்குச் சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வள்ளிக்கண்ணு உருளைக்கு முதுகு கொடுத்துக் கேபினில் உட்கார்ந்தாள், வண்டி போனது. கிழங்கு மட்டுமல்ல, மலையில் பாம்பு கடித்தவர்கள், இரண்டு நாளாகப் பிரசவம் ஆகாமல் தவித்தவர்கள் எல்லோரும் அந்த லாரியில்தான் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வண்டியில் ஓர் உயிர் போனதில்லை. எண்ணெயே வாங்காமல் ஒருவன் லாரி ஓட்டுகிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு வந்து தங்கள் எரிச்சலைக் கொட்டிப் பார்த்தார்கள். கூட்டாளி ஏமாற்றிவிட்டுப் போன தோல் வியாபாரி தாஜுதீன் கேபினில் ஏறி உட்கார்ந்தார். லாரி கறுப்புப் புகையாகக் கக்கிக்கொண்டு காவிரிப் பாலத்தின் நடுவில் நின்று, ஸ்ரீரங்கம் பஸ்களையெல்லாம் மறித்துக்கொண்டது. எரிச்சலில் யார்மேலாவது கோபம் கலந்திருந்தால் புகை வரும், தூரம் போகாது என்று ரெங்கநாதன் கண்டுபிடித்துச் சொன்னார். வள்ளிக்கண்ணுவுக்கு யார்மேலும் கோபம் இல்லை. பிள்ளை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் எப்பேர்ப்பட்ட எரிச்சலும் நாளாக ஆகத் தணியும். தணியத்தானே வேண்டும். ஐந்தாம் வருஷம் துறையூர்க் கடைத்தெருவில் ஒரு கண்டக்டரின் டிக்கெட் கட்டை ஆடு தின்றுவிட, அவன் ஆட்டின் வாயைப் பிளந்து டிக்கெட்டுகளை இழுப்பதைப் பார்த்து வள்ளிக்கண்ணு சிரித்துவிட்டாள். எஞ்சின் நின்றது. பின்னால் ஒரு பெண் வலியில் கதறிக்கொண்டிருந்தாள். சின்னையா வள்ளிக்கண்ணுவின் பக்கம் திரும்பினான். அப்புறம், பூரணி இருந்திருந்தால் இந்த வருஷம் மூன்றாவது படிக்கும் என்று மெதுவாகச் சொன்னான். வண்டி கிளம்பியது. அந்தப் பெண் ஆண்பிள்ளை பெற்றாள்.

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான். அதன்பிறகு அவன் அதை ஒரு வேலையாகவே செய்தான். வண்டி இழுக்க மறுத்தால், இருந்திருந்தால் காது குத்தியிருப்போம் என்பான். திருவிழாக் கூட்டத்தைக் கண்டால், இருந்திருந்தால் என் தோளில் ஏறியிருக்கும் என்பான். முதல் ஒன்றிரண்டு தடவை பிள்ளையை நினைத்துத்தான் சொன்னான். அப்புறம் மூட்டைகள் காத்திருந்தன, நோயாளிகள் காத்திருந்தார்கள், எதற்காகச் சொல்கிறோம் என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று. வள்ளிக்கண்ணுவுக்கோ அதுதான் ஒரே ஆறுதல். அழாத மனுஷன், ஆனால் தன்னைப் போலவே பிள்ளையின் வயதை எண்ணிக்கொண்டிருக்கிறார், இந்த உலகத்தில் இன்னொருவருக்கும் பூரணியை ஞாபகம் இருக்கிறது என்று இஸ்மாயிலின் மனைவி ஹாஜிராவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். இப்படி ஒரு பாவத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

1960இல் மயிலம்மாள் பிறந்தாள். மயிலு தவழ்ந்தபோது லாரி பத்து மூட்டைக்கு மேல் இழுக்கவில்லை. மயிலு நடந்தபோது காலியாக ஏறவே திணறியது. வள்ளிக்கண்ணு பாட ஆரம்பித்திருந்தாள். கடைசியில் ரெங்கநாதன் சொன்னதே சரி என்று சின்னையா ஒத்துக்கொண்டான். இஸ்மாயிலின் பட்டறையில் டீசல் எஞ்சின் வந்து இறங்கியது, தகடு வார்க்கக் கொடுத்தார்கள், பங்குனியில் மாட்டுவதாகப் பேச்சு. 1964 மாசியில் மயிலுக்குத் தொண்டை அடைத்தது.

நல்ல வெயில் ஏறிய நேரம். வள்ளிக்கண்ணு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேபினில் உட்கார்ந்தாள். சின்னையா சுற்றினான், பிடிக்கவில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வரும்வரை சுற்றினான். பூரணி இருந்திருந்தால் இப்போது பதினைந்து வயது என்றான்.

“அவ பேச்சு இப்ப வேணாங்க,” என்றாள் வள்ளிக்கண்ணு. “இவ மூச்சப் பாருங்க.”

அவளுக்குள் பயம் இருந்தது, வேண்டுதல் இருந்தது. இரண்டிலும் வண்டி ஓடாது. பிள்ளைக்கு உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. சின்னையா கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுக் கேபின் கதவோரம் வந்து நின்றான்.

“வள்ளி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இத்தன வருசமா பூரணி பூரணின்னு நான் சொன்னதெல்லாம் பூரணிக்காக இல்ல. நீ மறந்துட்டா வண்டி நின்னுடும். அதுக்காகத்தான் சொன்னேன்.”

அவள் அவனைப் பார்த்தாள்.

“எல்லாமா?”

“எல்லாந்தான்.”

எல்லாம் என்பது பொய். அது அவனுக்குத் தெரியும். பாதி உண்மையில் எஞ்சின் பிடிக்காது என்பதும் தெரியும். யாரும் சுற்றாமலே எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது, அவள் உட்கார்ந்த வண்டியில் முதல் முறையாகக் கறுப்புப் புகையோடு. மலையை எப்படி இறங்கினான், துறையூரை எப்போது தாண்டினான் என்று அவனுக்கு நினைவில்லை. கொள்ளிடம் பாலத்தையும் காவிரிப் பாலத்தையும் ஒரே மூச்சில் கடந்து இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மயிலு பிழைத்துக்கொண்டாள். பதினைந்தாம் நாள் வள்ளிக்கண்ணு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள், வாசலில் லாரியோடு நின்றவனைக் கடந்து போனாள், ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

ஹாஜிரா யாரிடமோ சொல்லி அவளுக்கு ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் பார்த்துக் கொடுத்தாள். அங்கே வாழையிலை விற்றாள். அவள் இல்லாமல் லாரி இனி எங்கே ஓடப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. இஸ்மாயில் உருளையைக் கழற்றிப் பார்த்தார், ஓடியது. ஸ்ரீரங்கத்திலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் பலம் குறையவில்லை என்று ரெங்கநாதன் மைல் கல் மைல் கல்லாக உட்கார்ந்து வந்து பார்த்துச் சொன்னார். கோபம் கலந்தால் தூரம் போகாது என்ற தன் கண்டுபிடிப்பை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார். டீசல் எஞ்சினை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கொடுத்து வைத்தவன் என்று ஊர் சின்னையாவைச் சொன்னது. அவனோ தினமும் காலையில் கைப்பிடியை மாட்டிவிட்டு, இன்றைக்காவது பிடிக்கக் கூடாது சாமி என்று கும்பிட்டுக்கொண்டு சுற்றுவான். நின்றுபோனால் அவள் மனம் ஆறிவிட்டது என்று அர்த்தம். தெரிந்துகொள்ள அவனுக்கு வேறு வழி இல்லை. நாலு வருஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

1968 ஆடியில் ஒரு நாள், மலையடியில் உப்பிலியபுரத்தில் நிறுத்தியிருந்த வண்டி பிடிக்கவில்லை. பத்துத் தடவை சுற்றினான். இருபது தடவை சுற்றினான். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, பூரணி செத்தபோது அழாத அழுகையையெல்லாம் அழுதான். எந்த டிரைவரும் முதலில் பானெட்டைத் திறந்துதான் பார்ப்பான். இவனுக்கு அதைத் திறக்க மனம் வரவில்லை. குளித்தான், வெள்ளை வேட்டி கட்டினான், துறையூர் போய்ச் சத்திரம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறினான். மயிலுக்கு இரண்டு முழம் ரிப்பன் வாங்கிக்கொண்டான்.

இலைக்கட்டுக்கு முன்னால் மயிலுதான் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. கழுத்தில் ஒரு பொட்டு அளவுக்குத் தழும்பு.

“எத்தன இலை வேணுங்க?” என்று கேட்டாள்.

வள்ளிக்கண்ணு பின்னால் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வேட்டியைப் பார்த்தாள், ரிப்பனைப் பார்த்தாள், அழுது வீங்கிய முகத்தைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அவருக்கு இலை வேணாம்மா, வண்டி நின்னுபோச்சுன்னு வந்திருக்காரு,” என்றாள். பிறகு அவனிடம், “நான் அப்படியேதாங்க இருக்கேன். போயி ஒயரப் பாருங்க,” என்றாள்.

ரிப்பனை இலைக்கட்டின் மேல் வைத்துவிட்டு உப்பிலியபுரத்துக்குத் திரும்பினான். பானெட்டைத் திறந்தான். காயிலிலிருந்து வருகிற ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்திச் செருகிவிட்டுச் சுற்றினான். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. மலைமேல் நாற்பது மூட்டை கிழங்கு காத்திருந்தது, ஏறி உட்கார்ந்து கிளம்பினான்.