புதன்கிழமை ஆட்டம்

அன்று தொழிற்சாலையில் கொதிகலன் பழுதாகிவிட்டது. மதியத்துக்கு மேல் வேலை இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைகளுக்குச் சலைன் பாட்டில் தயாரிக்கும் இடம் அது. நிரப்பி மூடிய ஒவ்வொரு பாட்டிலையும் வெள்ளை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, உள்ளே தூசியோ இழையோ மிதக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவளை ‘லைட்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா பார்த்த பாட்டில் என்றால் மேலாளர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார்.

அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் ஓய்வதில்லை. மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்ட பிறகு அது இன்னும் மோசமானது. கேஸை மூடியாச்சா என்று வேலைக்கு நடுவில் போன் செய்து கேட்பாள். மாமனாருக்கு மாத்திரை, மகளுக்கு டியூஷன், தண்ணீர் மோட்டார், காய்கிற துணி என்று எல்லாவற்றுக்கும் அவள் போனில் அலாரம் உண்டு. “இது வீடா, ரயில்வே ஸ்டேஷனா?” என்று கணவர் ஒருநாள் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. யாராவது ஒருத்தர் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்?

பேருந்தில் வரும்போதே மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டாள். புதன்கிழமை மகளுக்குப் பள்ளி அரைநாள்தான். இந்நேரம் கணக்கு டியூஷனில் இருப்பாள். கணவர் பிரிண்டர் ரிப்பேர் வேலையாக எங்காவது போயிருப்பார். மாமனார் சாப்பிட்டுப் படுத்திருப்பார். சத்தமில்லாமல் உள்ளே போய்த் துணியை ஊறவைத்துவிடலாம்.

படியேறி வந்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது.

மாமா விழுந்துவிட்டார், யாரோ தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தாள்.

கூடத்தில் சோபா சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தது. நாற்காலிகள் மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. நட்டநடுவில் மாமனார், தன் கைத்தடியைக் கிரிக்கெட் மட்டை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து நின்றார். எதிரில் கணவர், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, உருண்டையாய்ச் சுருட்டிய சாக்ஸை வீசினார். மாமனார் ஓங்கி ஒரு அடி. சாக்ஸ் மின்விசிறியில் பட்டுச் சமையலறைக்குள் பறந்தது.

“ஓடுங்க தாத்தா, ஓடுங்க” என்று மகள் கத்தினாள்.

அவர் ஓடினார். தடி இல்லாமல் கட்டிலை விட்டு இறங்காத மனிதர், நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வரை ஓடி, ஜன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் ஓடிவந்தார். வரும் வழியில்தான் வாசலில் நின்ற மருமகளைப் பார்த்தார்.

சிரிப்பு மொத்தமும் சட்டென்று அடங்கியது. மகளின் தோள்கள் தாமாகவே குறுகின. கணவர் குனிந்து பேன்ட்டை இறக்கிவிட ஆரம்பித்தார். மாமனார் அவள் கண்ணெதிரிலேயே கிழவரானார்: முதுகு வளைந்தது, தடி தரையில் ஊன்றியது, அதைப் பிடித்த கை நடுங்கத் தொடங்கியது.

அவர் ஓடியதைவிட இந்த நடுக்கம்தான் அவளை உலுக்கிப் போட்டது.

“மாமா, உங்களால ஓட முடியுமா?”

அவர் மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தார்.

“முடியும்மா. இடுப்பு எப்பவோ சரியாயிடுச்சு. தடி வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார்.”

“அப்புறம் எதுக்குத் தடி?”

“அது இல்லாம நடந்தா நீ பின்னாலயே வர்றேம்மா. பாத்ரூம் வாசல்ல வந்து நிக்கிறே. கையில தடி இருந்தா உனக்கு ஒரு நிம்மதி. அதான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.”

அவள் மகளிடம் திரும்பினாள். “டியூஷன்?”

“டீச்சர் ஊரை விட்டுப் போயிட்டாங்க” என்று கணவர் குறுக்கே வந்தார். “கணக்கு நான் சொல்லிக் குடுக்கிறேன், நல்லாத்தான் போடுறா. புதன்கிழமை மட்டும் நான் மதியமே வந்துடுவேன். மூணு பேரும் சும்மா இருப்போம். வேற ஒண்ணும் இல்ல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

மகள்தான் பதில் சொன்னாள், தரையைப் பார்த்தபடி. “சொல்லலாம்னு நினைச்சேம்மா. ஆனா புதன்கிழமை மதியம் மட்டும்தான் எனக்கு வயிறு வலிக்கிறதில்ல.”

அந்த வயிற்று வலிக்காக அவள் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. ஸ்கேன்கூட எடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டில் யாரைக் கண்டு பிள்ளை பயப்படுகிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். பையில் போன் அலறியது: மாமா மாத்திரை. உடம்பு தானாகவே எழப் பார்த்தது. உள்ளேயிருந்து, “இப்பதாம்மா போட்டேன்” என்று மாமனாரின் குரல் வந்தது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

கணவர் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

“கோவமா?”

“தெரியல. நான் என்ன பேயா?”

“பேயா இருந்தா மந்திரிச்சு விரட்டியிருக்கலாம்.”

அவள் முறைத்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீ எங்களுக்காகத்தான் இந்த ஓட்டம் ஓடுறே. அது தெரியாம இல்ல. ஆனா நாங்க என்ன பாட்டிலா? எந்நேரமும் தூக்கிப் பிடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா மூச்சு முட்டுது.”

“ஒரு தூசி தப்பிச்சாலும் ஒரு உயிர் போயிடும். அப்படித்தான் எனக்குப் பழக்கியிருக்காங்க.”

“அது அங்க. இங்க ஒரு சாக்ஸ் ஃபேன்ல பட்டா யாரு உயிரும் போகாது.”

அவள் வெடித்தாள். “நீங்க செஞ்சது மட்டும் சரியா? என்னை விட்டுட்டு மூணு பேரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு சிரிச்சிருக்கீங்க. எனக்கு எப்படி இருக்கும்?”

“தப்புதான்.” அவர் கால் விரலைப் பார்த்தார். “சொல்லப் பயமா இருந்துச்சு.”

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் பயம் என்ற சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை. தன்னைக் கண்டா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே மகள் நாற்காலிகளை அவசர அவசரமாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

“இருக்கட்டும், இறக்காதே” என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “நான் எங்க நிக்கணும்?”

மாமனார் தடியை நீட்டிக் காட்டினார். “சமையக்கட்டு வாசல்ல நில்லும்மா. என் அடியெல்லாம் அந்தப் பக்கம்தான் போகும்.”

நின்றாள். ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. “பாத்து மாமா”, “மெதுவா மாமா” என்று வாய் ஓயவில்லை. அப்படிச் சொல்லும்போதெல்லாம் மகள் விரலைத் தூக்கி “அம்மா அவுட்” என்றாள். முதலில் பயந்துகொண்டே சொன்னவள், போகப் போகக் குதித்துக் குதித்துச் சொன்னாள்.

அதோடு எல்லாம் மாறிவிடவில்லை. அன்றைக்கே அலாரங்களை அழித்தாள். மறுநாளே மோட்டாரை நிறுத்த மறந்து மாடித் தண்ணீர் தெருவில் ஓட, அந்த ஒன்றை மட்டும் திரும்ப வைத்துக்கொண்டாள். மாமனார் குளிக்கப் போனால் அவள் கால்கள் இப்போதும் பரபரக்கும். சோபா விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகளின் வயிற்று வலி சில காலை வந்தது, சில காலை வரவில்லை.

ஒருநாள் காலை, மகள் பள்ளிக்குக் கிளம்பிப்போன பிறகு, சாப்பாட்டு டப்பா மேஜையிலேயே இருந்தது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தெருமுனையில் மகள் தோழியோடு கைகோத்து ஏதோ பாடிக்கொண்டே போவது தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

மகள் மூலையில் திரும்பி மறைந்தாள்.

அவள் மேஜைக்கு வந்து, பாதியில் விட்ட டீயை எடுத்துக் குடித்தாள். கடைசி மடக்கு உள்ளே இறங்கியபோதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார் மாமனார்.

“டப்பாவை விட்டுட்டுப் போயிட்டா மாமா. நான் கூப்பிடவே இல்ல.”

“சிநேகிதியோட பங்கு போட்டுச் சாப்பிட்டுக்குவா” என்று அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். “சரி, அப்ப இதை நான் சாப்பிடலாமா?”