ஒரு கூடை சீபே

"ஆப்பிள் கெடைச்சா கேக் செய்யலாம்."

கிருபாராணி இதைச் சொன்னது ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில். மத்திகிரியில் அன்று பனி இறங்கியிருந்தது. எங்கள் சன்னலிலிருந்து மாட்டுப் பண்ணையின் வேலி வரைக்கும்தான் பார்வை போயிற்று. அதற்கு அப்பால் மாடுகளின் கழுத்து மணிகள் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து கேட்டன. அவள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே, அங்கே நிற்கும் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

அது 1954. ஆடியில் எங்கள் மகள் ஜெபசீலி தொண்டை அடைப்பான் கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள். நான்கு வயது. அதன் பிறகு கிருபாராணி அடுப்படிக்குள் போகவில்லை. அழவும் இல்லை. நான் காய்ச்சித் தரும் கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைப்பாள். மணிக்கட்டில் இருந்த வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. ஓசூர் டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "மருந்துல ஒண்ணும் இல்லீங்க வாத்தியாரே. சாப்பிட வையுங்க. இப்படியே போனா மார்கழிக் குளிரை இவங்க தாங்க மாட்டாங்க."

மூன்று மாதத்தில் அவள் வேண்டும் என்று சொன்ன முதல் பொருள் ஆப்பிள்.

அவளுடைய அம்மா, வெள்ளைக்காரர் காலத்தில் பண்ணைத் துரையின் பங்களாவில் சமையல் பார்த்தவர். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு ஆப்பிள் மரங்கள் இருந்தனவாம். காய் சிறியது, புளிப்பு. அதை நறுக்கி, பட்டைத் தூள் போட்டு, மணல் பரப்பிய சட்டிக்குள் வைத்து அம்மா கேக் சுடுவார். "அன்னைக்கெல்லாம் நாங்க வீட்டுக்குள்ள இருக்க மாட்டோம், ஒரு பழத்துக்குள்ள இருப்போம்" என்று கல்யாணமான புதிதில் கிருபாராணி சொல்லியிருக்கிறாள். துரை கப்பலேறினார். மரங்களும் பட்டுப்போயின. இனி ஆப்பிள் என்றால் பெங்களூர்தான்.

தினமும் பெங்களூர் போய் வரும் பஸ்ஸில் சென்னகிருஷ்ணன் என்ற கண்டக்டர் இருந்தார். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுவார். நான் அப்போது புத்தகம் வைத்துக் கன்னடம் கற்றுக்கொண்டிருந்தேன். அந்த மிதப்பில், ஒரு கூடை ஆப்பிள் வேண்டும் என்று, பஸ் படியைப் பிடித்துக்கொண்டு கன்னடத்திலேயே கேட்டேன்.

"ஒந்து கூடை சீபே ஹண்ணு பேக்கு."

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "சீபேயா? அதுக்கு என்னாத்துக்கு மேஷ்ட்ரே பெங்களூரு?"

"அங்கே கிடைக்கிறதுதான் ருசி. வீட்டில் உடம்பு சரியில்லை, கேட்கிறாள்."

"அக்கா கேட்டாங்களா? அப்ப சரி, நல்லதாப் பொறுக்கி எடுத்தாறேன்."

மறுநாள் பகல் பஸ்ஸில் கூடை வந்தது. மேலே வாழையிலை மூடியிருந்தது. நான் அதைத் தலைக்கு மேல் தூக்காத குறையாகக் கொண்டுபோய் கிருபாராணியின் முன்னால் வைத்தேன். அவள் இலையை விலக்கினாள்.

அத்தனையும் கொய்யாப்பழம்.

கன்னடத்தில் ஆப்பிளுக்குச் சேபு என்று பெயர். சீபே என்றால் கொய்யா. உச்சரிப்பில் வழுக்கி விழுந்திருந்தேன். ஆப்பிள் என்றே சொல்லியிருந்தால் சென்னகிருஷ்ணனுக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

அவள் கேட்டதே ஒன்று. அதுவும் தவறினால் இனி எதையும் கேட்க மாட்டாள் என்று பயந்தேன். "இப்பவே பஸ் ஏறிப் போய்..." என்று ஆரம்பித்தேன்.

"என்னன்னு கேட்டீங்க அவர்கிட்ட?"

சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். உதட்டோரம் ஏதோ அசைந்தது. "பஸ் ஸ்டாண்டுல அத்தனை பேருக்கு முன்னாடியா?"

"ஆமாம்."

"பெங்களூர்ல இருந்து கொய்யா வரவழைச்ச ஒரே மனுசன் நீங்கதாங்க. நம்ம ஊர்ல கிளி தின்னு கொட்டுது."

சொல்லிவிட்டு ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தாள். நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குள் போனாள்.

அந்தப் பிற்பகலை நான் பார்த்தேனா, கனவில் கண்டேனா என்று இன்றும் சில சமயம் சந்தேகம் வருகிறது. பனி விலகவே இல்லை. சன்னலில் சாய்ந்து நின்றது. அவள் பழங்களை இரண்டாக வகுந்து, கரண்டி முனையால் விதையைச் சுரண்டி எடுத்தாள். நான் வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்தேன். "ஒரே பக்கமாச் சுத்துங்க" என்றாள். இரும்புச் சட்டியில் மணல் காய்ந்தது. நோட்டிலிருந்து ஒரு துண்டுத் தாள் கேட்டாள். அதை மணல் மேல் போட்டு, பழுப்பாக மாறும்வரை பார்த்திருந்து, "இப்ப வைக்கலாம்" என்றாள். மாவுக் கிண்ணத்தை உள்ளே இறக்கித் தட்டால் மூடி, தட்டின் மேலும் கங்குகளைப் பரப்பினாள்.

பிறகு வாசனை வந்தது. ஆப்பிள் வாசனை எப்படியோ, எனக்குத் தெரியாது. இது கொய்யாவும் பட்டையும் வெண்ணெயும் சேர்ந்து ஓட்டுச் சந்துகளில் ஏறியது. சுவர்கள் மெதுவாகப் பழுத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் போகிறவர்களின் காலடி எங்கள் வாசலுக்கு வந்ததும் தயங்கியது.

அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது. நடுவில் அமுங்கியிருந்தது. அவள் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மென்றாள். நான் அவள் தொண்டையைப் பார்த்தேன். விழுங்கினாள்.

"கிறிஸ்மஸுக்குச் செஞ்சு தரேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேங்க" என்றாள். "ஒரு தடவைகூட அவ தின்னலை."

அப்போதுதான் அழுதாள். கையில் மீதித் துண்டோடு, வாயைத் திறந்து, சின்னக் குழந்தைபோல அழுதாள். நான் தடுக்கவில்லை. அழுது முடித்து, முந்தானையில் மூக்கைத் துடைத்து, அந்த மீதித் துண்டையும் தின்றாள். இன்னொன்றும் வெட்டிக்கொண்டாள்.

விளக்கேற்றும் நேரத்தில் அரிசியை முறத்தில் கொட்டிக்கொண்டு கேட்டாள்: "ராத்திரிக்கு ரசம் வைக்கட்டுங்களா? புளி இல்லை. பக்கத்து வீட்டு மாரம்மாகிட்ட கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

பனிக்குள் இறங்கி நடந்தேன். மாரம்மா கதவைத் திறந்து, என் கையில் இருந்த காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"யாருக்கு வாத்தியாரே புளி?"

"ராணி கேட்டா."

மாரம்மா உள்ளே போய், இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து, கிண்ணம் வழிய வழிய வைத்தாள்.