ஏரி சாய்ந்த நாள்

என் வீட்டை வெளியே தள்ளிவிட்டுச் சுவர் எழுப்பியவள் என் கூடப் பிறந்த தங்கைதான். வேறு யாராவது செய்திருந்தால் ஆபீஸ் வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். தங்கையை எந்த வாசலில் போய்க் கேட்பது?

அவள் ஏரியின் அளவு பார்க்கும் ஆபீஸில் என்ஜினீயர். எங்களுடையது மறுகரை தெரியாத பெரிய ஏரி. கரையைச் சுற்றிப் பல இடங்களில் குழாய் இறக்கி, அதற்குள் கருவி வைத்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பகலும் இரவும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வருடம் மழை ஓயவில்லை. ஏரி தினமும் ஒரு விரல் அகலம் ஏறியது. வெள்ளம் என்றால் அடித்துப் புரட்டிக்கொண்டு வரும் என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவை வந்து பார்த்திருக்க வேண்டும். அது வேண்டாத விருந்தாளி மாதிரி, கொஞ்சமும் அவசரம் இல்லாமல் வந்தது. முதலில் படகுத்துறை போனது. பிறகு நடைபாதை. பிறகு நான் வைத்த ரோஜாச் செடிகள். ஏரியின் கடைசியில் இருக்கும் மதகுகளை முழுக்கத் திறந்தால் கீழே இருக்கிற ஊர் முழுகிவிடும் என்று பாதிதான் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு ஊர்க்காரர்களும் அவர்களைத் திட்டினார்கள்.

எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் வீடு ஒன்றுதான் இந்தப் பக்கம், ஏரியை ஒட்டி. என் வீட்டுக்காரர் படகு என்ஜின் பழுது பார்ப்பவர். தண்ணீர் பக்கத்திலேயே வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினார். நான் ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பேரும் பத்து விரல் தேய உழைத்து வாங்கிய வீடு அது.

தங்கை ஒருநாள் காலையில் வந்தாள். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்தாள். டீ கொடுத்தேன், தொடவில்லை.

"அக்கா, மணல் மூட்டைச் சுவர் ரோட்டு மேலதான் வரும்."

"வரட்டும். எங்க வீடு?"

"வெளிய."

"கொஞ்சம் வளைச்சுக் கட்டினா என்னடி? நாலு மூட்டை கூடப் போகுமா? போகட்டுமே."

"உன் வீட்டைச் சுத்தி வெறும் மணல். மணல் மேல அடுக்கினா அடியில தண்ணி பூந்து சுவர் சரிஞ்சிடும். அங்க சரிஞ்சா தெரு மொத்தமும் போயிடும். ரோட்டுக்கு அடியில கல்லு இருக்கு, தாங்கும்."

"இதைச் சொல்ல உங்க ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா?"

"நான்தான் போவேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"சொல்லிட்டே இல்ல? கிளம்பு."

அவள் கிளம்பினாள். ஆறின டீயைத் தொட்டியில் கொட்டினேன். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தெருவில் மூட்டை அடுக்கும்போது ஆட்களை வேலை வாங்கிக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

எதிர்வீட்டு ஹாரன் எங்களுக்கு மாடியைத் திறந்துவிட்டார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொண்டைக்குத் தெரு வைத்த பெயர் அது. அவர் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவோம். தையல் மெஷினும் துணிமணியும் அங்கே போயின. கட்டிலும் அலமாரியும், என் வீட்டுக்காரரின் கருவிகளில் பாதியும் தூக்க முடியாமல் வீட்டிலேயே நின்றன. ஹாரனின் மனைவி பக்கவாதம் வந்து கீழ் அறையில் படுத்திருந்தார். முகாமுக்கு அழைத்துப்போக ஆட்கள் வந்தபோது அந்த அம்மாள் வர மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்தார். ஹாரனும் போகவில்லை.

இதற்கு நடுவில் ஆபீஸ் ஒரு காரியம் செய்தது. "இனி ஏறாது" என்று அறிவித்தது. அது அறிவித்த மறுநாளே ஏறியது. அதிலிருந்து ஆபீஸ் என்றால் தெருவில் ஒரு நக்கல். மழை வருமா என்று கேட்டால்கூட, "ஆபீஸ் வராதுன்னு சொல்லிச்சா? அப்போ குடை எடுத்துக்கோ" என்பார்கள்.

தண்ணீர் எங்கள் வாசற்படி வரை வந்து நின்றது. உள்ளே நுழைய இன்னும் ஒரு படிதான் பாக்கி. தினமும் சுவருக்குப் பின்னால் நின்று அந்தப் படியைப் பார்ப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று.

அப்போதுதான் அந்தக் காற்று வந்தது. விடியும்போது வீடுகளுக்குப் பின்னாலிருந்து ஏரியைப் பார்த்து வீச ஆரம்பித்தது. தகரமெல்லாம் படபடத்தது. வெயில் ஏறுவதற்குள் வாசற்படி காய்ந்துவிட்டது. பிறகு ரோஜாச் செடிகள் சேறு பூசிக்கொண்டு எழுந்தன. பிறகு நடைபாதை. மத்தியானம் பார்த்தால் படகுத்துறையின் அடிக்கால் வரைக்கும் தரை தெரிந்தது. படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. ஒருவர் போனில் ஆபீஸ் கணக்கைப் பார்த்தார். எங்கள் கரையின் அளவு கிடுகிடுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நான் செருப்போடு சேற்றில் நடந்துபோய் என் வீட்டுக் கதவைத் திறந்தேன். தரை உலர்ந்திருந்தது. அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வெளியே ஹாரனின் குரல் கேட்டது.

"வடிஞ்சே போச்சு! இனிமே இந்தச் சுவர் யாருக்கு? இந்தப் பொண்ணு வீடு மட்டும் அநாதையா நிக்குது. நம்ம எல்லாரும் பத்திரமா உள்ள உக்காந்திருந்தோம். மூட்டையைத் தூக்குங்கய்யா, இந்த வீட்டைச் சுத்தி அடுக்குவோம். மறுபடி ஒரு விரல் ஏறினாலும் இதுக்குள்ள வராது."

சொன்னதோடு நிற்காமல் தன் வீட்டுக்கு எதிரே இருந்த மூட்டையை முதலில் உருவினார். வரிசையாக ஆட்கள் நின்றார்கள். மூட்டை கை மாறிக் கை மாறி என் வாசலுக்கு வந்தது. நானும் போய் நின்று தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, உறைக்கவே இல்லை. இத்தனை வருடம் இந்த மனிதர்களைப் பற்றி நான் பேசிய புறணியை எல்லாம் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் மூட்டையைத் தொடாமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கையின் ஜீப் வந்து நின்றது. கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தாள்.

"வைங்க! எடுத்த இடத்துலயே வைங்க! ஏரி வடியல, சாஞ்சிருக்கு!"

"என்னம்மா மேடம், ஏரி எப்படிச் சாயும்? தலை சுத்திச்சா அதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள்.

"தட்டுல தண்ணி எடுத்துட்டுப் போனா ஒரு பக்கமா அலம்பும் இல்ல, அந்த மாதிரி. காத்து இங்கேருந்து தள்ளுது. தண்ணி எல்லாம் மறுகரைக்குப் போய் ஏறி நிக்குது. அங்க காலையிலேருந்து தெருவுல இடுப்பளவு தண்ணி. ஏரியில ஒரு சொட்டு குறையல. காத்து நின்னா அத்தனையும் திரும்பி வரும். இருந்த இடத்தோட நிக்காது, தாண்டித்தான் வரும்."

ஹாரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இனி ஏறாதுன்னு சொன்னதும் நீங்கதானே? இப்போ இறங்கலேன்னு சொல்றதும் நீங்கதானா? கண்ணு முன்னாடி தரை தெரியுது. நீங்க உங்க கருவிப் பெட்டியைப் பாருங்க, நாங்க எங்க கண்ணைப் பாக்கறோம். காத்து நின்னப்புறம் திருப்பி அடுக்கிக்கிட்டாப் போச்சு. கூடப் பிறந்தவ வீட்டுக்கு ஊர்க்காரன் செய்யறான், அதையும் தடுக்கறீங்களே!"

அவள் என் பக்கம் திரும்பினாள். அத்தனை நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்தோம். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை.

"நிச்சயமா வருமா?" என்று கேட்டேன்.

"வரும்."

"எப்போ?"

"தெரியாது. சாயங்காலம் நிக்கலாம், நாளைக்கு நிக்கலாம். நின்னுச்சுன்னா மூட்டையைத் திருப்பி அடுக்க நேரம் இருக்காது."

போன தடவை தப்பாகச் சொன்னது இதே ஆபீஸ்தான். இந்தத் தடவையும் தப்பாக இருக்கலாம். நாளை வரை காற்று நிற்காமல் போனால் அதற்குள் மதகு வழியாகக் கீழே வடிந்துவிடவும் கூடும். என் மனம் இப்படியெல்லாம் கணக்குப் போட்டது, பொய் சொல்ல மாட்டேன். என் வாசலில் பாதி உயரத்துக்கு மூட்டை வந்திருந்தது. நிமிர்ந்து எதிரே பார்த்தேன். சுவரில் மூட்டை எடுத்த இடத்தில் பெரிய வாய் திறந்திருந்தது. அந்த வாய் வழியாக நேரே ஹாரன் வீட்டுக் கீழ் அறை. ஜன்னல் ஓரத்தில் கட்டில். அந்த அம்மாள் தலையணையில் முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் இருந்த மூட்டையைக் கீழே வைத்தேன்.

"என் வீட்டுக்கு ஒரு மூட்டையும் வேண்டாம்" என்றேன். "எல்லாத்தையும் எடுத்த இடத்துல கொண்டுபோய் வைங்க."

"என்னம்மா இது, உனக்காகத்தானே..."

"எனக்காக யாரும் ஒண்ணும் கிழிக்க வேண்டாம்! என் வீட்டை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும். தூக்குங்க!"

இப்படிக் கத்தாமல் நன்றாகச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் அன்பு காட்டியிருப்பார்கள். அன்புக்கு எதிரே எனக்குத் தெம்பு இல்லை. ஹாரனின் முகம் சுருங்கிப்போயிற்று. "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னு சொல்லுவாங்க. நான் அதைப் பாக்காம செஞ்சேன், எனக்கு வேணும்" என்று முனகிக்கொண்டே மூட்டையைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் வந்து குனிந்தார். என் வாசலில் இருந்த கடைசி மூட்டை வரை அவரே தூக்கிப் போனார். தங்கை ஒவ்வொரு மூட்டையையும் காலால் மிதித்து அமுக்கி, மேலே பிளாஸ்டிக் விரித்து, பம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே காற்று நின்றது. சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. தகரம் அடங்கியதும் தெருவே அடங்கியது. சேற்றில் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அலை இல்லை, இரைச்சல் இல்லை. நடைபாதை போயிற்று. ரோஜாச் செடிகள் போயின. வாசற்படியில் நிற்குமா என்று பார்த்தேன். நிற்கவில்லை. என் வீட்டுக் கதவு உள்பக்கமாகத் தானே திறந்துகொண்டது.

சுவரில் ஹாரன் வீட்டுக்கு எதிரே நீர் கசிந்தது. திருப்பி வைத்த மூட்டைகள் பழையபடி பொருந்தவில்லை. எல்லோரும் ஓடிப்போய் முதுகைக் கொடுத்து நின்றோம். எனக்கு இந்தப் பக்கம் ஹாரன், அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். பின்னால் பம்பு இரைந்தது. மூட்டையின் ஈரம் முதுகில் ஏறியது. தங்கை ஆட்களோடு மேலே மேலே மூட்டை போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் தாங்கியது. ஹாரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பெரிய தொண்டைக்காரருக்குக் குரலே வரவில்லை. உள்ளே போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் திரும்பிப் பார்க்கும்போது என் வீட்டு ஜன்னலில் பாதி வரை தண்ணீர் நின்றது. தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். சேறு தலைமுடி வரைக்கும் அப்பியிருந்தது.

"இன்னும் ஏறுமா?"

"ஏறும்க்கா."

ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வராது.

"ஒண்ணு கேக்கறேன். மூட்டையைத் திருப்பி வைக்க மாட்டேன்னு நான் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் யோசிக்கவே இல்லை. "போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். போனைக் கையிலதான் வச்சிருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் கோணிக்கொண்டது. சின்னப் பெண் மாதிரி வாயைத் திறந்து அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "அடிப் பாவி" என்று சிரிக்க ஆரம்பித்து, அது பாதியிலேயே உடைந்துவிட்டது. வீடு போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. அவள் தோளில் முகத்தை வைத்துத் தெருவே கேட்க அழுதேன்.

அவள் கையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. என்னை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். மறுபடி அடித்தது. இந்தக் கரையில் இன்னும் எத்தனை தெரு அவளைக் கூப்பிடுகிறதோ. மூன்றாவது தடவை அடித்தபோது, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை எடுத்து, நானே அவள் காதில் வைத்தேன்.