ம. அருளப்பன், ம. ஸ்டெல்லா

எங்கள் குடியிருப்பில் வீடுகள் பெயர் வரிசைப்படி நிற்கும். சங்கச் செயலாளர் கனகசபை அலுவலகக் கணினியில் எக்செல்லைத் திறந்து, கண்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியதும் வீடுகள் எழுந்து அவையவை இடத்துக்குப் போய்விடும். சாம்பாரை மட்டும் மூடி வைக்க வேண்டும்.

நான் அருளப்பன், முதல் வீடு. ஸ்டெல்லா கடைசி வீடு. எழுத்து வரிசையை வகுத்தவர்கள் காதலர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை.

“இவ்ளோ தூரம் நடந்து வந்தெல்லாம் என்னால லவ் பண்ண முடியாதுங்க. பக்கத்து வீட்டுக்கு வாங்க, கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்” என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே பெயருக்கு முன்னால் இனிஷியல் சேர்க்கச் சங்கத்தில் தீர்மானம் ஆனது. என் அப்பா மரியதாஸ், அவள் அப்பா மரியசூசை. ம. அருளப்பன், ம. ஸ்டெல்லா! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நடுவில் நந்தி மாதிரி ஒரே ஒருவர், ம. நடேசன். தனிக்கட்டை. அம்மாவின் இனிஷியலையும் முன்னால் போட்டுக்கொள்ளும்படி அவரிடம் கெஞ்சினேன்.

“அதுக்கென்ன தம்பி, அம்மா முன்னாடி வந்தா எனக்குச் சந்தோஷம்தான்” என்று சி. ம. நடேசன் ஆகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை மூடிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றேன். வீடு அசையவில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறியது: அ. பிலோமினா.

விஷயம் புரிந்துவிட்டது. கனகசபை பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறார். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கட்டுமா என்று கணினி கேட்டதற்கு வேண்டாம் என்றிருக்கிறார். ஆட்களும் வீடுகளும் அப்படியே இருக்க, பெயர்கள் மட்டும் கிளம்பிப் போய்விட்டன.

“கண்ட்ரோல் இசட்! கண்ட்ரோல் இசட்!” என்று கத்திக்கொண்டே அலுவலகத்துக்கு ஓடினேன்.

“அடடா, சேவ் பண்ணி மூடிட்டேனே, பிலோமினாம்மா” என்றார் கனகசபை.

என் பெயர் நடேசனிடம் போயிருந்தது. ஸ்டெல்லாவின் பெயர் அவருடைய பக்கத்து வீட்டுப் பரிமளாவிடம். குழாயடிச் சண்டைக்குப் பிறகு முகம் பார்க்காத இருவரும் அன்று மாலையே கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மாதா கோவிலில் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. முன்வரிசையில் என் பக்கத்தில் கடைசி வீட்டுக்காரி, இப்போது வை. துரைப்பாண்டி, உட்கார்ந்திருந்தாள். பீடத்தின் முன் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாலை உங்களுக்கு நல்லாப் பொருந்துதுங்க” என்றாள்.

என் கல்யாணத்தில் நான் முதல் பந்தியிலேயே சாப்பிட்டேன்.