அன்சார் அனுப்பிய மாத்திரை

அதிராம்பட்டினத்தில் சபுராளி வீட்டுக்கு, அதாவது பிள்ளை கடல் தாண்டிப் பிழைக்கிற வீட்டுக்கு, சோப்பும் தைலமும் வருகிற பெட்டியில் கிருமியைக் கொல்லும் மாத்திரையும் வரும். ரியாத்தில் கடை வைத்திருக்கும் அன்சார், ஊருக்கு வருகிற யாரிடமாவது தன் உம்மா கமருன்னிஸாவுக்குக் கொடுத்தனுப்புவான். காய்ச்சல் என்றால் தெருவே அவள் வாசலில் நிற்கும். ஒரு அட்டை கொடுப்பாள். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அப்படி ஒரு சிக்கனம், போங்கள்!

இப்போது அவள் கணவர் முகம்மது யூசுப் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சர்க்கரைப் புண். காலிலிருக்கிற கிருமி எந்த மருந்துக்கும் அசையவில்லை. அழக்கூடத் தோன்றாமல் கமருன்னிஸா கட்டிலோரம் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் வானதி வந்தார். "அம்மா, புது மருந்து ஒண்ணு சோதனையில இருக்கு. ஐயாவைச் சேர்த்துக்கலாம். இல்லைன்னா காலை எடுக்கிறதுதான் வழி. சோதனைக்காகத்தான் இங்க குடுத்த மருந்தையெல்லாம் நிறுத்தி வச்சிருக்கோம். வெளி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

முந்தின நாள் காய்ச்சலில் யூசுப்தான் கேட்டார்: "இவங்க மருந்து என்னத்தைக் கிழிச்சுது? புள்ளை அனுப்பினதைக் குடு." கொடுத்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"மறைச்சிடாதீங்கம்மா," என்றார் டாக்டர். "ரெண்டும் சேர்ந்தா கிட்னி போயிடும். உசுருக்கே ஆபத்து."

கமருன்னிஸா பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து நீட்டினாள்.

வானதி அட்டையிலிருந்த பெயரைப் படித்து கேஸ் சீட்டில் குறித்துக்கொண்டார். "இது உடம்பை விட்டுப் போகணும். அப்பத்தான் புது மருந்து கேக்குதான்னு தெரியும். அதுவரைக்கும் கால் தாங்காதும்மா." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காலை எடுத்தார்கள். அப்போதும் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. யாருடைய காலோ போனமாதிரி இருந்தது. அதை நினைத்துத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்சார் போன் செய்தான். குரல் உடைந்திருந்தது. "உம்மா, நான் அனுப்பின மாத்திரையை வாப்பாவுக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தேம்பா."

"அல்ஹம்துலில்லாஹ். அதனாலதான் உசுராவது மிஞ்சியிருக்கு. பக்கத்துக் கடை கலந்தர் காக்கா அடுத்த வாரம் ஊருக்கு வர்றாங்க. இன்னும் ரெண்டு பெட்டி குடுத்தனுப்புறேன் உம்மா."

கட்டிலில் போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. யூசுப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், சொல்லாதே என்று கையை அசைத்தார்.

"அனுப்புப்பா," என்றாள்.